எதிர்காலத் திருகோணமலைக்கு என்ன உடுப்பு? கறுப்புத் தோல் கோட்டா, காலர் திருப்பிய சேட்டா?

கோட்டையடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். கதை 2090 களில் எங்கள் ஊரில் நடக்கிறது. கடல் ஏறி உப்புவெளிக் கரை போய்விட்டது, கிணறெல்லாம் உவர். குடிதண்ணீர் ஒரு கம்பனியின் கையில், துறைமுகமும் அவர்களுடையது. மிச்சச் சனம் சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குள், அதாவது அந்தப் பெரிய பழைய இரும்புத் தாங்கிகளுக்குள், குடியிருக்கிறது. கதாநாயகி தண்ணீர் வடிகட்டி திருத்துகிற ஒரு பெண். அவளுக்கு ஒரு மகள், ஒரு வயதான மாமா, கம்பனி ஆட்கள் இரண்டு பேர், பிறகு கொஞ்சச் சனக்கூட்டம்.

உடுப்புப் பொறுப்பு என்னிடம். இயக்குகிற நண்பர் கறுப்புத் தோல் கோட், முழங்கால் வரை பூட்ஸ், வெல்டிங் கண்ணாடி என்று கேட்கிறார். "நாசமாய்ப்போன எதிர்காலம் என்றால் பார்க்கிறவனுக்கு உடனே விளங்க வேண்டும்" என்பது அவருடைய பக்கம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த வரவில்லை. கையில் காசும் குறைவு. உங்கள் எண்ணங்களைச் சொல்லுங்கள்.

கொட்டியாரம் எழுதியது:

கச்சான் என்கிற காய்ந்த அனல் காற்று வீசுகிற மாதத்தில் படப்பிடிப்பு வைத்துக்கொண்டு தோல் கோட்டா? குதத்துக்குள் இரும்பு காய்ந்து அனல் அடிக்கும். நடிக்கிற பிள்ளை மயங்கி விழும். வேறு காரணமே தேவையில்லை.

பழையரீல் எழுதியது:

தம்பி, உங்கள் மனம் ஒப்பாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் கோட் உங்கள் கதைக்குள் பிறந்தது இல்லை, வேறு படங்களில் இருந்து வருகிறது. இந்த வகைப் படங்களில் நின்று நிலைத்தவற்றை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் உடுப்பு அந்த உலகம் எப்படி நடக்கிறது என்று சொல்லும்.

1927 இல் வந்த மெட்ரோபோலிஸில் தொழிலாளர் எல்லோருக்கும் ஒரே கருஞ் சீருடை, தலையில் தொப்பி, குனிந்த தலை. மேலே தோட்டத்தில் ஓடி விளையாடுகிற முதலாளியின் மகனுக்கு வெள்ளை உடுப்பு. பேச்சொலி இல்லாத ஊமைப் படம், ஆனால் யார் யாருக்காக உழைக்கிறான் என்று உடுப்பே சொல்லிவிடும். அந்த உடுப்புகளைச் செய்தவர் எனே வில்கோம் என்ற பெண். எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிற அந்த இயந்திரப் பெண்ணின் உடம்பைச் செய்தவர் வால்ட்டர் ஷுல்ட்சே மிட்டன்டோர்ஃப் என்ற சிற்பி. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்பை அச்செடுத்து, மரத்தூள் பசை போன்ற ஒரு பொருளில் செய்து, மேலே உலோக நிறம் பூசினார். திரையில் பார்த்தால் தனி இரும்பு.

பிளேட் ரன்னர் (1982) படத்துக்கு சார்ல்ஸ் நோடும் மைக்கேல் கப்லானும் உடுப்புச் செய்தார்கள். கதை நடப்பது 2019 இல். ஆனால் ரேச்சல் என்ற பாத்திரத்துக்கு அவர்கள் போட்டது 1940 களின் அகலத் தோள் வைத்த உடை. எதிர்காலத்தில் மனிதர்கள் புதிதாக மட்டும் உடுப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 2017 இல் வந்த படத்தில் கதாநாயகன் போடுகிற நீளக் கோட்டைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் ஆசைப்படுகிறார் என்று நினைக்கிறேன். அவருக்குச் சொல்லுங்கள், அது தோலே இல்லை. ரெனே ஏப்ரல் அதைப் பருத்தித் துணியில் மேற்பூச்சுக் கொடுத்துச் செய்தார். படத்தில் நிறைய மழை, தோல் தாங்காது.

என்னைக் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டியது சில்ட்ரன் ஒஃப் மென் (2006). உடுப்பு ஜானி டெமிம். கதை 2027 இல் நடக்கிறது, ஆனால் எல்லோரும் போட்டிருப்பது சாதாரணக் குளிர்க் கோட்டும் கம்பளிச் சட்டையும்தான், எல்லாம் நைந்து நிறம் போனது. கதாநாயகன் ஓரிடத்தில் லண்டன் 2012 ஒலிம்பிக் என்று அச்சடித்த பழைய சுவெட்டர் போட்டிருப்பான். படம் வந்தபோது அந்த ஒலிம்பிக் நடக்கவே இல்லை! வரப்போகிற ஒன்றைப் பழசாக்கி ஒரு ஆளின் நெஞ்சில் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு சுவெட்டர் செய்கிற வேலையை நூறு தோல் கோட் செய்யாது.

வெள்ளைமணல் எழுதியது:

அண்ணை சொல்வது சரி, ஆனால் ஒரு பக்கம்தான். மேட் மேக்ஸ் ஃபியூரி ரோட் (2015) படத்தை மறக்கக் கூடாது. அதில் எல்லாமே கண்ணைப் பறிக்கிற உடுப்பு. வில்லன் போடுகிற கவசம் கண்ணாடி போல உள்ளே தெரியும், அதில் பதக்கங்களும் பழைய வாகனச் சின்னங்களும் பதித்திருக்கும். அந்த உடுப்புகளைச் செய்த ஜெனி பெவனுக்கு அதற்காக 2016 இல் ஒஸ்கார் கிடைத்தது. அதற்கு முன் அவர் பெரும்பாலும் பழங்கால ஆங்கிலக் கதைகளுக்கு உடுப்புச் செய்தவர். குறும்படத்தில் முதல் நிமிடத்திலேயே ஆளைப் பிடித்து இருத்த வேண்டும். நைந்த சேட்டைக் காட்டினால் இன்றைக்கு மீன் வாடியில் நிற்கிற ஆளுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள்.

என் யோசனை தறப்பாள். நீலமும் வெள்ளையுமாக, உதவி அமைப்புகளின் பெயர் அச்சடித்தபடியே வெட்டி மேலங்கி, சட்டை, பாவாடை எல்லாம் தைக்கலாம். மலிவு. எங்கள் ஊருக்கே உரியது. பார்த்தவுடன் பதியும்.

ஊசிநூல் எழுதியது:

நான் தையல்காரி. படங்களைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. உடுப்பு எப்படிப் பழசாகிறது என்று தெரியும், அதைச் சொல்கிறேன்.

கடலுக்குப் போகிறவருடைய சேட் ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். தோளும் முதுகின் மேற்பாதியும் வெளிறிப்போய் இருக்கும். காலரைத் தூக்கினால் அடியில் வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருக்கும். அக்குளில் வேறு நிறம். முதுகில் வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போகும். கயிறு இழுக்கிற கைப்பக்க மணிக்கட்டு நைந்திருக்கும், மற்றது நல்லாயிருக்கும். பட்டன் ஐந்தில் ஒன்றாவது வேறு நூலில் தைத்திருக்கும். வயிற்றுக்கு மேலே துணி மெலிந்து, வெயிலில் பிடித்தால் கை தெரியும்.

இப்போது படங்களுக்குச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? சேட்டைச் சேற்றில் முக்கி, கத்தியால் நாலு கிழி கிழித்துவிட்டு "பழசு" என்கிறார்கள். உடுப்பு அப்படிக் கிழியாது. மடிப்பில் கிழியும், பையின் மூலையில் கிழியும், முழங்காலில் மெலியும். கிழிந்தால் ஆட்கள் தைப்பார்கள். முந்தி காலர் நைந்தால் எங்களிடம் கொண்டு வருவார்கள், பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்துக் கொடுப்போம், இன்னும் ஒரு வருடம் ஓடும். இப்போது அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. உங்கள் கதையில் துணி கிடைக்காத காலம் என்றால் எல்லோருடைய காலரும் திருப்பின காலராகத்தான் இருக்க வேண்டும்.

கிளிவெட்டிவீதி எழுதியது:

வெள்ளைமணல் தம்பி சொன்ன தறப்பாள் விஷயத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும். கோபத்தில் எழுதவில்லை, ஆனால் இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு தறப்பாளுக்குள் இருந்த சனம் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறது. 2006 இல் போர் நடந்தபோது மூதூரில் இருந்து கந்தளாய்ப் பக்கம் நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். சம்பூர் சனம் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்தது. அவர்களெல்லாம் உங்கள் படத்தைப் பார்க்க வருவார்கள். நான் அந்தக் கொட்டில்களில் இருந்திருக்கிறேன். அங்கே ஒருவரும் தறப்பாளை உடுக்கவில்லை. பகலில் அதன் கீழே இருக்கவே முடியாது, பிறகு உடம்பில் எப்படிப் போடுவது? அது காற்று விடாது. கூரைக்கும் நிலத்துக்கும்தான் அது.

நான் கண்டதைச் சொல்கிறேன். என் அம்மா அந்தக் கொட்டிலுக்குள் வைத்து எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, நீலம் போட்டு, சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப்பெட்டியை யாரிடமோ இரவல் வாங்கி மினுக்கி அனுப்பினா. பாய்க்கு அடியில் மடித்து வைத்தால் மடிப்பு நிற்கும் என்று அதுவும் செய்வா. கல்யாண வீட்டுக்கு உடுக்க ஒரு சீலை ஒவ்வொருத்தியிடமும் பைக்குள் பத்திரமாக இருந்தது. ஓடும்போது பானையை விட்டுவிட்டு அந்தச் சீலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் போனவர்கள் என்றாலே அழுக்கும் கந்தலுமாக இருப்பார்கள் என்று படங்களில் காட்டுகிறார்கள். எங்களை வெளியில் இருந்து பார்த்துப் படம்பிடித்தவர்களும் அப்படித்தான் காட்டினார்கள். நாங்களே எடுக்கிற படத்தில் அது வேண்டாம்.

வெள்ளைமணல் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தறப்பாள் உடுப்பு வேண்டாம். கூரையாக, திரையாக, நிலவிரிப்பாகப் பின்னணியில் வந்தால் சரியா?

கிளிவெட்டிவீதி எழுதியது:

அது சரி. அது உண்மை.

கோட்டையடி எழுதியது:

அக்கா எழுதியது எனக்குப் பெரிய வழி காட்டியிருக்கிறது. ஆனால் கதைக்குள் ஒரு சிக்கல் வருகிறது. தண்ணீர் விலைக்கு விற்கிற உலகம் இது. அங்கே உடுப்புத் தோய்ப்பது எப்படி? துப்புரவாக இருப்பதற்கே காசு வேண்டும் அல்லவா?

ஆய்வுகூடம் எழுதியது:

கடல் தண்ணீரில் தோய்ப்பார்கள். ஆனால் கடல் தண்ணீரில் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது. அதில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டும். உப்பும் துணியில் தங்கும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஆகவே பகலில் துணி விறைத்து நிற்கும், இரவில் காற்றில் ஈரம் ஏறினால் நசநசவென்று உடம்பில் ஒட்டும். நல்ல தண்ணீரில் அலசிய துணி மட்டும்தான் மெதுவாகத் தொங்கும்.

இதுவே உங்களுக்குப் போதும். கம்பனி ஆட்களின் உடுப்பு நடக்கும்போது அசைந்து விழ வேண்டும். குதத்துச் சனத்தின் உடுப்பு விறைப்பாக, தையல் ஓரமெல்லாம் வெள்ளை பூத்து இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தோய்க்கிறார்கள், தோய்க்கிற தண்ணீர்தான் வேறு. ஒரு வசனமும் தேவையில்லை.

நிறத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பருத்தித் துணியைக் கடும் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் காயவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரை வடித்து அதன் மேல் தடவுங்கள். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கண் முன்னாலேயே சாம்பல், பிறகு கறுப்பு. முந்தி மீன் வலை பருத்தி நூலில் இருந்த காலத்தில் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்தார்களே, அங்கும் வேலை செய்தது தனின்தான். குதத்தின் துரு எல்லோருடைய உடுப்பிலும் ஏறியிருக்கும் என்பதால் இந்த நிறம் உங்கள் கதைக்குப் பொருந்தும். ஆனால் இரும்பு நாளடைவில் நூலை அரிக்கும், ஆகவே இரவல் வாங்கிய உடுப்பில் செய்ய வேண்டாம்.

கொட்டியாரம் எழுதியது:

நானா, ஒரு கேள்வி. 2090 வரை பருத்தி மிஞ்சுமா? இந்த உப்புக் காற்றில் எங்கள் வீட்டுப் பருத்திச் சாரமே சில வருடத்தில் நைந்து போகிறது. பொலியெஸ்டர் மட்டும்தான் கிடக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எந்த வீட்டைத் திறந்தாலும் உதைபந்தாட்ட ஜேர்சி இருக்கும். அந்த ஜேர்சிகள்தான் பேரப்பிள்ளைகளுக்குப் போகும். எண் பாதி உரிந்து, கழகத்தின் பெயரில் நாலு எழுத்து மட்டும் மிச்சமாக. அண்ணை சொன்ன ஒலிம்பிக் சுவெட்டருக்கு எங்கள் பக்கத்துப் பதில் இது.

ஆய்வுகூடம் எழுதியது:

தம்பி சொல்வது சரியான கணக்கு. பெட்டிக்குள் வெயில் படாமல் இருந்த பொலியெஸ்டர் நெடுங்காலம் இருக்கும். ஆனால் தேத்தண்ணியும் இரும்பும் அதில் ஏறாது, ப்ளீச்சும் பெரிதாக வெளுக்காது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, மேலே மெல்லிய வர்ணம் தெளித்துத்தான் பழசாக்க வேண்டும். எது எந்தத் துணி என்று தெரியாவிட்டால் உள் மடிப்பில் இருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி உருண்டையாகிக் கெட்டியாகும்.

ஊசிநூல் எழுதியது:

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து எல்லோரும் வாசியுங்கள். வினாகிரி வேலை ஒரு நாள், ப்ளீச் வேலை வேறொரு நாள், வேறு வாளி. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைத்துவிடும். ப்ளீச்சை வெளி முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், கையுறை போடுங்கள். போட்ட பிறகு நன்றாக அலசாவிட்டால் துணி தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும், படப்பிடிப்பு நடக்கும்போது முதுகில் கையோடு வரும். பட்டிலும் கம்பளியிலும் ப்ளீச் தொடவே கூடாது.

வெயில் வெளிறலுக்கு ப்ளீச்சைக் கோப்பையால் ஊற்ற வேண்டாம். தண்ணீரில் நன்றாகக் கரைத்து, சேட்டைக் கொடியில் போட்டபடி தோளில் மட்டும் தெளியுங்கள். காலரை மடித்தே வைத்திருங்கள், அடி நிறம் காப்பாற்றப்படும். முழங்கை, பை ஓரம், மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் கம்பி பிரஷ்ஷும் கரட் துருவுகிற துருவியும் போதும். ஆளுக்குப் போட்டுப் பார்த்து, எங்கே மடிகிறது என்று சோக்கட்டியால் குறித்துவிட்டு அந்த இடத்தை மட்டும் தேயுங்கள்.

பிறகு மகளின் பாத்திரம். அவளுக்கு ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை கொடுங்கள். பிள்ளை வளர வளரக் கீழ் மடிப்பை அவிழ்த்து விடுவோம். அவிழ்த்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு போகாது, எத்தனை தரம் தோய்த்தாலும் அழுக்குக் கோடாக நிற்கும். மூன்று கோடு இருந்தால் மூன்று தரம் அந்தச் சட்டை நீண்டிருக்கிறது. தாய் எத்தனை வருடமாக அதே சட்டையைக் காப்பாற்றிக் கொடுக்கிறாள் என்று பார்க்கிற ஒவ்வொரு தாய்க்கும் விளங்கும். அந்த வேலையை நானே செய்து தருகிறேன்.

பழையரீல் எழுதியது:

அக்கா, அந்த மடிப்புக் கோட்டைக் கட்டாயம் கிட்டப் போய் ஒரு ஷொட் எடுக்க வேண்டும்.

கம்பனி ஆட்களுக்கு வெள்ளை உடுப்புத்தான் பொருந்தும், அதைப் பற்றி ஒன்று. தனி வெள்ளையைக் கமெரா தாங்காது, எங்கள் வெயிலில் வெறும் ஒளியாகத் தெரியும், தையலும் மடிப்பும் காணாமல் போய்விடும். பட உலகில் பழைய வழக்கம், வெள்ளைத் துணியை மெல்லிய தேத்தண்ணியில் ஒரு தரம் முக்கி எடுப்பது. கண்ணுக்கு மங்கல் போல இருக்கும், திரையில் வெள்ளையாக வரும். மகளின் சட்டைக்கும் அதேதான்.

அவர்களுக்குப் படைச் சீருடை போன்ற புள்ளித் துணி எதுவும் வேண்டாம். வெளியிடத்தில் வைத்து எடுக்கும்போது வீண் கரைச்சல், பார்க்கிறவர்களுக்கும் கதை வேறு பக்கம் போய்விடும். சாதாரண வெள்ளை நீளக் காற்சட்டையும் கஞ்சி போட்ட சேட்டும் போதும். எ குளொக்வேர்க் ஒரேஞ் (1971) படத்தில் மிலேனா கனொனேரோ அந்த அடாவடிப் பொடியன்களுக்குக் கிரிக்கெட் விளையாட்டின் வெள்ளை உடுப்பைத்தான் போட்டார், விளையாடும்போது உள்ளே போடுகிற இடுப்புக் காப்பை வெளியே போடவைத்தார். பழகிய, மரியாதையான உடுப்பைக் கொஞ்சம் இடம் மாற்றினால் வருகிற பயம், இரும்புக் கவசத்தில் வராது.

நைலோன் துணியைத் தவிருங்கள். அசையும்போது சரசரவென்று ஒலிவாங்கியில் ஏறும். கச்சான் காற்றே உங்களுக்குப் போதிய தொல்லை.

வெள்ளைமணல் எழுதியது:

எத்தனை சோடி தேவை? கதாநாயகி ஒரு காட்சியில் தண்ணீருக்குள் இறங்குகிறாள் என்று கதையில் இருந்ததே.

பழையரீல் எழுதியது:

அவளுக்கு ஒரே மாதிரி மூன்று. காய்ந்தது ஒன்று, நனைக்க ஒன்று, கிழிய நேர்ந்தால் ஒன்று. மூன்றையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழசாக்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், எந்தப் பட்டன் திறந்திருந்தது, கை எத்தனை மடிப்பு என்று. காலையில் எடுத்த காட்சிக்கும் பின்னேரம் எடுத்த காட்சிக்கும் கைமடிப்பு மாறினால் பார்க்கிறவர்கள் கதையை விட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

கோட்டையடி எழுதியது:

இயக்குநர் நண்பரை இருத்தி இந்த இழை முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். கிளிவெட்டி அக்காவின் பதிவு வந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டு, "என் அம்மம்மாவும் அப்படித்தான் சீலையைத் தூக்கிக்கொண்டு வந்தா" என்றார். தோல் கோட் கைவிடப்பட்டது.

இப்போதைய தீர்மானம் இது. கதாநாயகிக்குப் பருத்தி சேட், காலர் திருப்பினது, தோள் வெளிறினது, கீழே சாரத் துணியில் தைத்த காற்சட்டை. வடிகட்டி திருத்துகிறவள் என்பதால் வலது கை விரல் துடைக்கிற இடம் தொடையில் கறுத்திருக்கும், அது தேயிலையும் ஆணித் தண்ணீரும். மாமாவுக்குப் பழைய ஜேர்சி, முதுகில் எண் பாதி. அவர் ஒரு காலத்தில் விளையாடினவர் என்று கதையிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மகளுக்கு மடிப்புக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. சனக்கூட்டத்தில் கல்யாணக் காட்சி ஒன்று புதிதாக வருகிறது, அதில் எல்லோரும் பைக்குள் வைத்த நல்ல உடுப்பில் வருவார்கள், வடிவாக, மடிப்புக் குலையாமல். நிறம் தெரிய வேண்டும். துருப்பிடித்த குதத்துக்கு முன்னால் மண்ணிறம் போட்டால் ஆள் சுவரோடு கரைந்து போவார், ஆகவே நீலமும் மஞ்சளும் சிவப்பும்.

உண்மையான குதங்களுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது என்பதால் உட்புறக் காட்சிகளுக்கு ஒரு பழைய களஞ்சியம் பார்த்திருக்கிறோம். வெளிப்புறத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறோம்.

கொட்டியாரம் எழுதியது:

ஜேர்சி நான் சேர்த்துத் தருகிறேன். காலுக்கு என்ன?

கோட்டையடி எழுதியது:

டயர் வெட்டிச் செய்த செருப்பு. செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூலி தருவோம்.

ஊசிநூல் எழுதியது:

பழைய சேட் கொடுக்க நினைக்கிறவர்கள் காலர் நைந்ததாகப் பார்த்துக் கொடுங்கள், நல்லதை வெட்டி நாசமாக்க எனக்கு மனம் வராது. தோய்த்துக் கொண்டுவாருங்கள். பட்டன் விழுந்திருந்தால் அப்படியே விடுங்கள், வேறு பட்டன் நான் வைக்கிறேன்.